காசிமேட்டு ஐஸில் கஸ்தூரி

செய்தி வந்தபோது நான் தேரடியில் ஒரு ஷேர் ஆட்டோவுக்குள் நசுங்கிக்கொண்டிருந்தேன். கைபேசியில் தேசம்மாவின் பெயர் தெரிந்தது. எங்கள் பழைய ஆலையில் துப்புரவு வேலை செய்தவள். இறங்கியபின் பேசலாம் என்று விட்டுவிட்டேன். உடனே மறுபடி அடித்தாள். தேசம்மா அப்படி விடாமல் கூப்பிடுகிறவள் அல்ல.

"அம்மா, நம்ம சாரு பூட்டாரும்மா," என்றாள்.

எந்த சார் என்று நான் கேட்கவில்லை. தேசம்மாவுக்கு 'நம்ம சார்' என்றால் ஒருவர்தான். டாக்டர் ஞானதுரை. நெஞ்சுவலி. ராயபுரத்து வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போயிருக்கிறார். உள்ளே கொண்டுபோனபின் பேச்சு நின்றுவிட்டது. அவர் பேச்சு நிற்கும் என்பதையே என்னால் நம்ப முடியவில்லை. டோல்கேட்டில் இறங்க வேண்டியவள் அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

எங்கள் ஆலை மூடி எல்லோரும் ஆளுக்கொரு திசையில் போய்விட்டோம். மணலியில் சிலர், கும்மிடிப்பூண்டியில் சிலர், வளைகுடாவில் சிலர். அவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அவரை அறியாதவர்கள் படித்தாலும் நஷ்டம் இல்லை.

ஞானதுரையின் குடும்பம் தெற்கத்திக் கிறிஸ்தவக் குடும்பம். ராயபுரத்தில் மளிகை மண்டி வைத்திருந்தார்கள். அண்ணன் கல்லாவில் உட்கார்ந்தார். தம்பியும் மிளகாய் மூட்டைக்கு நடுவே உட்காருவான் என்று அப்பா எதிர்பார்த்திருக்கிறார். இவரோ அமிலத்துக்குள் மின்சாரம் விட்டு டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். "ஏல, ஆசிட்டுல கரண்ட விட்டு என்னத்தல கண்ட? அந்தக் கரண்ட கடையில விட்டா ஒரு ஃபேனாவது சுத்தும்லா" என்று அப்பா கேட்டதை அவரே எங்களுக்கு நடித்துக் காட்டுவார். நடிக்கும்போது அப்பாவின் இருமலும் சேர்ந்து வரும்.

திருவொற்றியூரில், எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஆலை. வாசனைப் பொருட்களுக்கான ரசாயனங்கள் செய்தோம். ஒரு பக்கம் உரத்தின் நெடி, இன்னொரு பக்கம் கச்சா எண்ணெயின் நெடி, நடுவில் நாங்கள் ஊருக்கெல்லாம் வாசனை செய்துகொண்டிருந்தோம். அனல்மின் நிலையத்தின் சாம்பல் எங்கள் ஜன்னலில் வந்து படியும். மின்சாரம் மட்டும் அடிக்கடி வராது. "சாம்பல் நமக்கு, கரண்ட் ஊருக்கு" என்பார் ஞானதுரை. அவர் வந்து சேர்ந்தது தொண்ணூறுகளின் கடைசியில். நான் அப்போது தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தின் பொறுப்பில் இருந்தேன். எல்லா அலமாரிச் சாவியும் என் இடுப்பில்.

கஸ்தூரி வாசனைக்கு மூலப்பொருளாக நீண்ட கார்பன் சங்கிலி வேண்டும். அதைக் கட்டுவதற்கு நாங்கள் அதுவரை பல படிகள் ஏறினோம். படிக்குப் படி கழிவு. ஞானதுரை அதை ஒரே படியில் செய்து காட்டுகிறேன் என்றார். கார்பாக்சிலிக் அமிலத்தை மெத்தனாலில் கரைத்து, பிளாட்டினத் தகடு வைத்து, மின்சாரம் பாய்ச்ச வேண்டும். அமிலத்தின் வால் கரியமில வாயுவாகக் கழன்று போகும். வால் போன இரண்டு துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து நீண்ட சங்கிலி ஆகிவிடும். எங்கள் முதலாளிக்கு இதை அவர் விளக்கிய விதம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

"ரெண்டு பேரு கையில ஆளுக்கொரு பை இருக்குன்னு வைங்க சார். பையைக் கீழ போட்டாத்தான் கையைக் கோத்துக்க முடியும். கரண்ட் என்ன பண்ணுது? பையைப் புடுங்கிப் போட்டுடுது. அவ்வளவுதான்."

"கை கோக்காம வேற எங்கயாவது போயிட்டா?" என்று கேட்டார் முதலாளி. கெட்டிக்காரர்.

"கூட்டம் இருந்தா பக்கத்துலயே ஆள் கிடைக்கும். கூட்டம் இல்லன்னா மெத்தனாலைப் புடிச்சுக்கிட்டுப் போயிடும். அதுக்குத்தான் கரண்டை நெருக்கி விடணும்னு சொல்றேன்."

முதலாளி சம்மதித்தார். பழைய டிரம் கிடங்கைக் காலி செய்து கொடுத்தார். அதற்குக் கரண்ட் ஷெட் என்று பெயர் வந்தது. டைட்டானியத் தகட்டின் மேல் மெல்லிசாகப் பிளாட்டினம் பூசிய பெரிய பிளேட்டுகள் வெளியூரிலிருந்து மரப்பெட்டியில் வந்து இறங்கின. தங்கத்தைவிட உசத்தி என்று ஆலை முழுவதும் பேச்சு. கேன்டீனில் வேலை செய்கிறவர்கள்கூட வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவரோடு நான் போடாத சண்டை இல்லை. பாட்டிலில் பெயர் எழுத மாட்டார். திரவம் அளக்கிற கண்ணாடிக் குழாயான என் பிப்பெட்டை எடுத்துப்போய்த் தன் சட்டைப் பையில் பேனா மாதிரி சொருகிக்கொள்வார். சோதனைக்கு வரிசையில் காத்திருக்கும் மாதிரிகளை ஓரம் தள்ளிவிட்டுத் தன் மாதிரியை என் கருவியில் போடச் சொல்லுவார். முடியாது என்றால் கோபிக்கவும் மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவார். அந்தப் பேச்சை நிறுத்துவதற்காகவே அவருடைய மாதிரியை முதலில் போட்டுக் கொடுத்த நாட்கள் உண்டு. அது அவருக்கும் தெரியும்.

நான் சொல்ல வந்தது ஓர் ஆயுத பூஜையைப் பற்றி.

எங்கள் ஆலையில் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் உற்பத்தி கிடையாது. கழுவுவதும் துடைப்பதும்தான் வேலை. பம்புக்குச் சந்தனம், பாய்லருக்கு மாலை, தராசுக்குக் குங்குமம் என்று ஒரு பொருள் விட்டுப்போகாது. பொரியும் கடலையும் ஞானதுரையின் அண்ணன் மண்டியிலிருந்து வரும். வேதக்காரர் வீட்டுப் பொரியில்தான் எங்கள் சரஸ்வதிக்குப் படையல் என்று அவரே சிரிப்பார். அந்த வருடமும் காலையிலேயே பொரி மூட்டை எடுத்துவரக் கிளம்பிப் போய்விட்டார். ராயபுரத்திலிருந்து திரும்பும்போது மாலை ஆகிவிட்டது.

அதற்குள் தேசம்மாவும் அவளோடு இருந்த பெண்களும் கரண்ட் ஷெட்டுக்குள் போயிருந்தார்கள். தேசம்மாவுக்கு அந்தப் பிளேட்டுகள் மேல் பிரியம் அதிகம். தினமும் அதைச் சுற்றிக் கூட்டுகிறவள். வேலை செய்து செய்து பிளேட்டின் மேல் பழுப்பாக ஒரு பிசின் படிந்திருந்தது. தங்கத்தைவிட உசந்த சாமான் பூஜையன்று அழுக்காக இருக்கலாமா? வீட்டில் குத்துவிளக்கை எப்படித் தேய்ப்பாளோ அப்படித் தேய்த்தாள். புளி, செங்கல் பொடி, தேங்காய் நார். மூன்று பெண்கள் மாற்றி மாற்றி உட்கார்ந்து, முகம் தெரிகிற வரைக்கும் தேய்த்திருக்கிறார்கள். பிறகு நாலு மூலையிலும் சந்தனப் பொட்டு.

பூஜையன்று நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். பளபளப்பாக இருந்தது. நான்கூட நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். ஞானதுரை கூட்டத்துக்குப் பின்னால் நின்று பொரி தின்றுகொண்டிருந்தார். அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் மாலைதான் தெரிந்தது, பிளேட்டை அவர் கவனிக்கவில்லை.

விடுமுறை முடிந்து பிளேட்டுகளைத் தொட்டியில் இறக்கி மின்சாரம் விட்டார்கள். அம்மீட்டர் முள் எழுந்திருக்கவே இல்லை. வோல்ட்டை ஏற்ற ஏற்ற முள் அப்படியே படுத்துக் கிடந்தது. ஞானதுரை பிளேட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய பிளாட்டினம் அங்கங்கே ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் வெறும் டைட்டானியம். வெறும் டைட்டானியம் தன்மேல் ஒரு தோலைப் போர்த்திக்கொண்டு மின்சாரத்தை உள்ளே விடாது.

இதில் கொடுமை என்னவென்றால், வெளிநாட்டு வாசனைக் கம்பெனி ஒன்று எங்களிடம் மாதிரி கேட்டிருந்தது. அந்த வாரக் கடைசியில் அனுப்பியாக வேண்டும். அந்த மாதிரியை நம்பித்தான் ஷெட்டே நடந்தது. மாதிரி போகவில்லையென்றால் பழைய முறைக்கே திரும்பிவிடுவது என்று முதலாளி ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்.

முதலாளி எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் அன்றைக்கு முகம் வெந்து போயிருந்தது.

"யாரு தேய்ச்சது? எனக்குப் பேர் வேணும். இன்னிக்கே கேட்டுக்கு வெளிய அனுப்பறேன்."

தேசம்மா காண்டிராக்ட் ஆள். ஒரு வார்த்தை போதும், மறுநாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட. அவள் புருஷன் காசிமேட்டில் ஐஸ் தள்ளுகிறவன். இவள் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. காலையிலேயே அவள் ஞானதுரையிடம் போய், "சார், நான்தான் சார் தேச்சேன், நல்லா இருக்கட்டும்னு தேச்சேன்" என்று அழுதுவிட்டு வந்திருந்தாள். எனக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. ஞானதுரை என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் சார் சொன்னேன். பிசின் புடிச்சிருக்கு, தேய்ச்சு வைங்கன்னு."

அவர் பிளேட்டைத் தேய்த்த அன்றைக்குப் பகல் முழுவதும் ராயபுரத்தில் பொரி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றவர். இது எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். என் பக்கம் திரும்பவே இல்லை.

"எலெக்ட்ரோடைச் செங்கல் பொடி போட்டுத் தேய்க்கச் சொன்னீங்களா? நீங்க டாக்டர் தானே?"

"டாக்டருக்கும் புத்தி கெட்டுப்போகும் சார்."

முதலாளி நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நம்பாவிட்டாலும் ஒன்றும் செய்ய முடியாதபடி சொல்லிவிட்டார் மனுஷன். வாரக் கடைசிக்குள் மாதிரி வராவிட்டால் ஷெட்டும் இல்லை, அவருக்கு வேலையும் இல்லை என்று முடிந்தது பேச்சு.

வெளியே வந்ததும் நான் அவர்மேல் பாய்ந்தேன். "எதுக்கு சார் இப்படிச் சொன்னீங்க? உங்க வேலை போகப்போகுது."

"மேடம், உங்க அலமாரியில ஒரு பிளாட்டினம் குருசிபிள் இருக்குல்ல?" என்றார்.

சாம்பல் அளவு பார்க்கிற சின்னக் கிண்ணம் அது. என் பொறுப்பில் இருந்தவற்றிலேயே அதிக விலையுள்ள பொருள். பட்டுத் துணியில் சுற்றிப் பூட்டி வைத்திருப்பேன். பிளேட்டுக்குப் பதிலாக அதைத் தட்டித் தகடாக்க வேண்டும் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தகடான பிறகு நான் எதில் சாம்பல் பார்ப்பது, தணிக்கைக்கு வருகிறவனுக்கு என்ன பதில் சொல்வது என்று கத்தினேன். அவர் வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆனால் அன்றைக்குப் பேசவில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்த ஞானதுரையை நான் முதல்முறையாகப் பார்த்தேன். இடுப்பிலிருந்த சாவியை எடுத்தேன்.

காலடிப்பேட்டையில் ஒரு நகைப் பட்டறைக்குப் போனோம். ஆசாரி கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா சார் இது? வெள்ளின்னு பாத்தா இம்மாங் கனம் கனக்குது?"

"பிளாட்டினம்."

"ஐயய்ய, இத்தப் போயி அடிக்கச் சொல்றியே. வூட்ல இன்னா கஷ்டம்?"

கஷ்டம் வீட்டில் இல்லை, ஆலையில் என்று ஞானதுரை அவருக்கு முழுக் கதையும் சொன்னார். பை, கை, கூட்டம் எல்லாம் வந்தது. ஆசாரி ஊதுகுழலால் சூடாக்குவதும் தட்டுவதுமாக இருந்தார். "தங்கத்தவிட அடம் புடிக்குது நைனா" என்று முணுமுணுத்தார். கிண்ணம் மெல்ல மெல்ல விரிந்து வெற்றிலை அளவுக்குத் தகடானது.

இனி இன்னொரு சங்கடம். தகடு சின்னது. அதில் அவ்வளவு மின்சாரத்தையும் நெருக்கிப் பாய்ச்சினால் மெத்தனால் கொதித்துவிடும். ஆலையின் குளிர்நீர் அந்தச் சூட்டுக்குப் போதாது. இதைக் கேள்விப்பட்ட தேசம்மா யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் போனாள். மதியம் அவள் புருஷன் மீன் ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஐஸ் கட்டிகளை ஏற்றிக்கொண்டு கேட்டில் வந்து நின்றான். மேலே கோணி. கோணியில் வஞ்சிர மீன் செதில்.

"ஐசு தானே சார் ஓணும்? எம்மாம் ஓணும் சொல்லு, எட்த்தாறேன்" என்றான்.

அன்றைக்கும் மறுநாளும் அந்த வண்டி காசிமேட்டுக்கும் எங்கள் ஆலைக்கும் நடையாக நடந்தது. தொட்டியில் ஐஸ், ஐஸுக்கு நடுவே கண்ணாடிக் குடுவை, குடுவைக்குள் வெற்றிலைத் தகடு. அம்மீட்டர் முள் எழுந்து நின்றது. குடுவையில் நுரைநுரையாகக் குமிழி. கரண்ட் போனால் டீ, கரண்ட் வந்தால் வேலை. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். கஸ்தூரி செய்கிற இடத்தில் மீன் கவிச்சி நிற்கிறது என்றார். மூலப்பொருளுக்கு வாசனையே கிடையாது, வாசனை அடுத்த படியில்தான் வரும், அதுவரைக்கும் கவிச்சி இருந்தால் பரவாயில்லை என்று ஞானதுரை சமாதானம் சொன்னார்.

வேலை முடிந்து குடுவையை அதே ஐஸில் புதைத்து வைத்தபோது அடியில் வெள்ளையாகப் படிகம் இறங்கியது. அதில் கொஞ்சம் எடுத்து என் கருவியில் போட்டேன். வரிசையில் யார் மாதிரி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. வரைபடத்தில் நீண்ட சங்கிலிக்கு உரிய சிகரம் ஓங்கி நின்றது. பெரிய பிளேட்டில் வந்ததைவிட இது சுத்தம். கரண்டை நெருக்கி விடணும் என்று முதல் நாளிலிருந்து அவர் கத்திக்கொண்டிருந்தது நிஜம்தான். நான் தாளைக் கிழித்து நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "மேடம், சாம்பல் இனிமே எதுல பாப்பீங்க?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மாதிரி போனது. பிடித்திருக்கிறது என்று பதிலும் வந்தது. முதலாளி புதுப் பிளேட்டு வாங்கினார், குளிர்விக்கும் இயந்திரமும் வாங்கினார். எனக்கு ஒரு புதுக் கிண்ணமும் வந்தது. அடுத்த ஆயுத பூஜைக்கு ஷெட்டைப் பூட்டி வைத்துவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். ஞானதுரை கேட்கவில்லை. தேசம்மாவைக் கூப்பிட்டுப் பிளேட்டுகளை அவள் முன்னால் வைத்தார். "பொட்டு வை, பூ வை. நாரு மட்டும் கூடாது. மெத்தனால்ல ஊறப்போட்டு மெத்துன்னு ஒரு துணியால தொடைச்சுட்டுக் குடு" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பிளேட்டுகளைத் தேசம்மாவைத் தவிர வேறு யாரையும் தொட அவர் விடவில்லை. அவளும் கட்டிய சேலையில்கூட ஈரம் இல்லாமல்தான் கிட்டே போவாள்.

ஷெட் சில வருடங்கள் நன்றாக ஓடியது. பிறகு ஆலை கை மாறி, கை மாறியவர் இடத்தை விற்று, எல்லாம் முடிந்தது. கடைசி நாளில் நாங்கள் கேட்டில் நின்று டீ குடித்தோம். ஞானதுரை தன் பையைத் திறந்து என் பிப்பெட்டுகளைக் கட்டாகத் திருப்பிக் கொடுத்தார். ஆலையே இல்லை, பிப்பெட்டை வைத்து என்ன செய்வது என்று கேட்டேன். தெரியாது, கேட்டுக்கொண்டே இருந்தீர்களே என்றார்.

ராயபுரத்து வீட்டுக்கு நான் போனபோது கூட்டம் தெருவரை நின்றது. தேசம்மா எனக்கு முன்பே வந்து ஸ்டெல்லாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டெல்லா அவர் மனைவி. அழுது அழுது அவர் குரல் போயிருந்தது. நானும் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தேசம்மா, எங்கள் இருவருக்கும் மட்டும் கேட்கும்படி சொல்ல ஆரம்பித்தாள்.

"நான் அன்னிக்கே இவராண்ட கேட்டேம்மா. மொதலாளி ரூம்லேர்ந்து வந்தாரு பாரு, அப்போ. இன்னா சார், எம்பேர சொல்லிட்டு நீ பாட்டுக்குப் போவ வேண்டியதுதானே, ஒனக்கு எதுக்கு இந்தப் பேஜாருன்னு. அதுக்கு இன்னா சொன்னாரு தெரியுமா? ஒம்பேர சொன்னா பிளாட்டினம் திரும்பி வந்துருமா தேசம்மா, வர்றதுன்னா சொல்லு, இப்பவே போய் சொல்லிட்டு வர்றேன்னாரு."

ஸ்டெல்லா சிரித்துவிட்டார். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே, ஞானதுரையின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு மூன்று பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதோம்.

என் உத்தியோகமே தப்பு கண்டுபிடிப்பது. ஏதாவது கெட்டுப்போனால் என் வாயில் முதலில் வருவது 'யார்' என்பதுதான். யார் போட்டது, யார் உடைத்தது, யார் பார்க்காமல் விட்டது. ஞானதுரையோடு அத்தனை வருடம் வேலை செய்தும் அந்தப் பழக்கம் முழுசாகப் போகவில்லை. இப்போது நான் இருக்கிற ஆய்வகத்திலும் பெண்கள் எதையாவது கெடுத்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். 'யார்' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வருகிறது. அதை விழுங்கிவிட்டு, சரி, இனி என்ன செய்யலாம் என்று கேட்கப் பார்க்கிறேன். சில நாள் முடிகிறது, சில நாள் முடிவதில்லை. முடிகிற நாட்களெல்லாம் அவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனவை.